பிரெய்லுக்கு முன்பே ஒரு பள்ளி இருந்தது: வாலண்டின் ஹாயி யார்?

கேள்வி: பார்வையற்றோர் கல்வி என்றால் எல்லாரும் லூயி பிரெய்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிரெய்லே பத்து வயதில் பாரிசில் ஒரு பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து படித்தவர் என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பள்ளியைத் தொடங்கியது யார்? அவர் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை?

பதில்:

தொடங்கியவர் வாலண்டின் ஹாயி. ஆண்டு 1785, ஊர் பாரிஸ். பிரெய்ல் பிறக்க இன்னும் 24 வருடம் இருந்தது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட முதல் பள்ளி என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது அதைத்தான். அவர் பெயர் ஏன் தெரியவில்லை என்பதற்குச் சுருக்கமான பதில், அவர் உருவாக்கிய எழுத்து தோற்றுப்போனது என்பது. ஆனால் அது ஏன் தோற்றது, தோற்ற எழுத்தை வைத்துக்கொண்டு அவர் எதைச் சாதித்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ஹாயிக்கு முன்னால் பார்வையற்றவர்கள் யாருமே படிக்கவில்லை என்பது சரியல்ல. நிக்கலஸ் சாண்டர்சன் என்ற ஆங்கிலேயருக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பெரியம்மையில் கண் போயிற்று. அவர் 1711-இல் கேம்பிரிட்ஜில், நியூட்டன் வகித்த அதே கணிதப் பேராசிரியர் பதவிக்கு வந்தார். இப்படி ஆங்காங்கே சிலர் உண்டு. அவர்களுக்கு வீட்டில் வசதி இருந்தது, அல்லது பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர் அமைந்தார். இரண்டும் இல்லாத பிள்ளை போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் தேவாலய வாசல்தான்.

பாரிசில் பார்வையற்றோருக்கென்று கான்ஸ்-வான் என்ற விடுதி 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. ஒன்பதாம் லூயி மன்னர் முந்நூறு பேருக்காக ஏற்படுத்தியது. தங்க இடம், ஒரு சமூகமாகச் சேர்ந்து வாழ ஒழுங்கு, நகரத்தில் பிச்சையெடுக்க அனுமதி எல்லாம் அங்கே கிடைத்தன. படிப்பு கிடைக்கவில்லை. அது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. பார்வையில்லாதவருக்குத் தேவை தருமம் என்று ஐந்நூறு வருடமாக எல்லாரும் நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையை எழுத்தில் முதலில் அசைத்தவர் தத்துவவாதி திதரோ. பார்வையற்றோரைப் பற்றி 1749-இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கண்ணுக்கு எழுத்து இருக்கிறது, காதுக்குப் பேச்சு இருக்கிறது, தொடு உணர்வுக்கு மட்டும் ஏன் ஒரு குறியீட்டு முறை இல்லை என்று அதில் கேட்டார். புலன்களைப் பொறுத்துத்தான் ஒழுக்கமும் கடவுள் பற்றிய எண்ணமும் அமைகின்றன என்று அதே நூலில் வாதம் போனதால், அவரைப் பிடித்து வன்சேன் கோட்டைச் சிறையில் சில மாதம் வைத்தார்கள். கேள்வி மட்டும் வெளியே உலவிக்கொண்டிருந்தது.

ஹாயி பிறந்தது 1745 நவம்பர் 13-ஆம் தேதி, வடக்கு பிரான்சில் பிகார்டி பகுதியைச் சேர்ந்த சான்-ஜுஸ்து என்ற ஊரில். அப்பா நெசவாளி. அண்ணன் ரெனே-ஜுஸ்து, இரண்டு வயது மூத்தவர். ஊரில் இருந்த மடத்துத் துறவிகள் இரண்டு பையன்களின் அறிவையும் கவனித்துப் படிக்க வைத்தார்கள். இருவருமே பாரிசுக்குப் போனார்கள். தம்பிக்கு மொழிகள் கைவந்தன. வெளிநாட்டுக் கடிதங்களை மொழிபெயர்ப்பதும், யாருக்கும் புரியாத பழைய கையெழுத்துகளை ஆராய்ந்து படித்துச் சொல்வதும் அவருடைய பிழைப்பு. பின்னாளில் மன்னரின் மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியும் வந்தது. இந்தத் தொழிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் எழுத்தோடு வாழ்ந்த மனிதர் அவர். பார்வையற்றோர் பிரச்சினைக்கு அவர் கண்ட தீர்வும் எழுத்தாகவே இருந்ததும், அந்த எழுத்து கண்ணால் படிப்பவர்களின் எழுத்தாகவே இருந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

1771. இன்று கான்கோர்ட் சதுக்கம் என்று அழைக்கப்படும் இடத்தில் சான் ஓவீத் சந்தை நடந்தது. அங்கே ஒரு காப்பிக்கடைக்காரர் கூட்டம் சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கான்ஸ்-வான் விடுதியைச் சேர்ந்த பார்வையற்றவர்கள் சிலரை வாடகைக்கு அமர்த்தி, நீள அங்கியும் கூர்த்தொப்பியும் மாட்டி, மூக்கில் அட்டையில் செய்த பெரிய கண்ணாடிகளை வைத்து, மேடையேற்றினார். முன்னால் இசைத்தாள்கள் விரித்து வைத்து, அவற்றைப் படிப்பதற்கு என்று மெழுகுவத்தியும் ஏற்றியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வாத்தியத்தை இழுக்க, கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. கடைக்கு நல்ல வியாபாரம். அந்தக் காட்சியைப் படமாகச் செதுக்கி அச்சிட்டு விற்கும் அளவுக்கு ஊரே பேசியது.

கூட்டத்தில் ஹாயியும் நின்றிருந்தார். இந்தப் பொய்யை உண்மையாக்கிக் காட்டுவேன், இவர்களை நிஜமாகவே படிக்க வைப்பேன் என்று அன்றே உறுதி எடுத்துக்கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். பள்ளிப் பாடப்புத்தகமாக இருந்தால் அடுத்த வரியில் பள்ளி திறந்திருக்கும். உண்மையில் அதற்குப் பிறகு 13 வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. கோபம் வந்தது, வழி தெரியவில்லை. பார்வையற்றவர் எதைப் படிப்பார்? எப்படிப் படிப்பார்? அந்த மேடையின் முன்னால் நின்ற யாரிடமும் இதற்குப் பதில் இருந்திருக்காது.

வழி இரண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று, அதே பாரிசில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வழியாகப் படிப்பு சொல்லித் தந்துகொண்டிருந்தார். பொதுமக்களை அழைத்து மாணவர்களின் திறமையைக் காட்டவும் செய்தார். ஒரு புலன் இல்லையென்றால் இன்னொன்றின் வழியாகப் போகலாம் என்பதற்கு அவர் கண்ணெதிரே சாட்சி.

இன்னொன்று, வியன்னாவிலிருந்து வந்த ஒரு இளம் பெண். மரியா தெரேசியா ஃபான் பாரடிஸ் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர், ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்ற பியானோ கலைஞர். 1784-இல் கச்சேரிக்காகப் பாரிஸ் வந்தபோது ஹாயி அவரைச் சந்தித்தார். திண்டில் குண்டூசிகளை எழுத்து வடிவில் குத்தி வைத்து விரலால் தடவிப் படிப்பார் அவர். மன்ஹைம் நகரில் வைஸன்புர்க் என்ற பார்வையற்ற நண்பர் உண்டு. அவர் பயன்படுத்திய, மேடுபள்ளமாகச் செய்த வரைபடங்களைப் பற்றியும் பேசினார். ஹாயிக்கு இங்கேதான் பொறி தட்டியது. இந்தக் கருவிகள் எதையும் ஹாயி கண்டுபிடிக்கவில்லை, பார்வையற்றவர்களே தங்களுக்காகச் செய்துகொண்டவை அவை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பார்வையற்றோர் கல்வி வரலாற்றை ஒரு நல்ல மனிதர் இறங்கி வந்து கைதூக்கிவிட்ட கதையாகவே பலரும் எழுதுகிறார்கள். பாடம் முதலில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால் கதை வேறு.

அதே ஆண்டு ஹாயி ஒரு மாணவனைத் தேடிக்கொண்டார். சான் ஜெர்மான் தெ ப்ரே தேவாலய வாசலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுயர், வயது 17 இருக்கும். கைக்குழந்தையிலேயே பார்வை போனவன். படிக்க வா என்றதும் பையன் வந்துவிடவில்லை. வாசலில் உட்கார்ந்தால் விழும் காசில்தான் குடும்பத்துக்கும் உதவிக்கொண்டிருந்தான். பாடம் கேட்க உட்கார்ந்தால் அந்த வருமானம் போகும். அதை நான் தருகிறேன் என்று ஹாயி ஒப்புக்கொண்டபிறகே பாடம் தொடங்கியது. அதாவது இந்தக் கல்வியின் முதல் மாணவன் படிப்பதற்காகக் கூலி வாங்கியவன். ஹாயியின் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம் என்பேன். ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராததன் காரணம் ஆர்வமின்மை அல்ல என்று அவருக்கு முதல் நாளே புரிந்திருந்தது.

மரத்தில் செதுக்கிய எழுத்துகளைப் பலகையில் வரிசைப்படுத்தித் தடவிப் படிக்கப் பழக்கினார். லெசுயர் வேகமாகக் கற்றான். ஆனால் மர எழுத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு படிக்க முடியும்? ஒரு பக்கத்துக்கே பலகை போதாது.

ஒரு நாள் ஹாயியின் மேசைமேல் இருந்த தாள்களைக் கையால் துழாவிக்கொண்டிருந்தபோது லெசுயர் ஓர் அழைப்பு அட்டையைத் தொட்டான். அச்சு அழுத்தமாக விழுந்திருந்ததால் தாளின் பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. இதில் ‘ஓ’ (O) இருக்கிறது என்றான். இந்தக் கதை எல்லா நூல்களிலும் வரும். அது ஏன் ‘ஓ’ ஆக இருந்தது என்று யோசித்தால் ஒரு நுட்பம் கிடைக்கும். அச்சுத் தாளின் பின்பக்கம் புடைத்து நிற்கும் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். ரோமன் எழுத்துகளில் பெரும்பாலானவை அப்படித் திரும்பினால் குழப்பிவிடும். வட்டமான ‘ஓ’ திரும்பினாலும் அதேதான். அதனால்தான் விரலுக்கு அது உடனே அகப்பட்டது.

ஹாயி செய்தது அந்தக் குழப்பத்தை நேர்செய்ததுதான். சாதாரண ஈய அச்செழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி வார்க்கப்பட்டிருக்கும், தாளில் விழும்போது நேராகும். ஹாயி நேராகவே வார்க்கச் சொன்னார். நனைத்த தடித்த தாளை அதன்மேல் வைத்து அழுத்தினால் முன்பக்கம் குழியும், பின்பக்கம் புடைக்கும். பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்து நேராகக் கிடைக்கும். ஒரு தாளில் ஒரு பக்கம்தான் பயன்படும் என்பதால் இரண்டு தாள்களை முதுகோடு முதுகு ஒட்டினார்கள். பார்வையற்றோருக்கான முதல் அச்சுப் புத்தகங்கள் இப்படித்தான் பிறந்தன. கையால் எழுதுவதற்கும் பிளவில்லாத இரும்பு முனை கொண்ட பேனா ஒன்றைச் செய்தார். தடித்த தாளின் பின்பக்கமிருந்து அழுத்தி எழுத வேண்டும். இது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் பிலாந்திரபிக் சொசைட்டி என்ற அறக்கழகம் பார்வையற்ற ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு உதவித்தொகை கொடுத்து வந்தது. லெசுயரின் முன்னேற்றத்தைக் கண்ட கழகம் தன் பிள்ளைகளை ஹாயியிடம் ஒப்படைத்தது. அறிவியல் கழகமும் அவருடைய முறையைப் பார்த்துச் சாதகமாக அறிக்கை தந்தது. பள்ளி நிலைபெற்றது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, புடைப்பு வரைபடத்தில் பூகோளம், இசை ஆகியவற்றோடு நூற்பு, பின்னல், புத்தகம் கட்டுதல், அச்சுக்கோப்பு என்று கைத்தொழில்களும் இருந்தன.

அச்சுக்கோப்பு என்பதில் கொஞ்சம் நிற்கலாம். 1786-இல் பார்வையற்றோர் கல்வி பற்றி ஹாயி ஒரு நூல் எழுதினார். அதை அச்சடித்தவர்கள் அவருடைய மாணவர்களே. மன்னரின் அச்சகர் க்ளூஸியே மேற்பார்வை. விற்ற பணம் பிள்ளைகளுக்கே. பார்வையற்றவரும் படிக்கலாம் என்று வாதம் செய்யும் நூல், பார்வையற்றவர்கள் கோத்த எழுத்தில் வெளிவருகிறது. அதற்குமேல் வாதம் எதற்கு?

இந்த நூலைப் பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் பார்வையற்ற கவிஞர் தாமஸ் பிளாக்லாக். அவர் இறந்தபின் 1793-இல் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதே ஆண்டு எடின்பரோவில் பார்வையற்றோர் நிறுவனம் தொடங்கியது. லிவர்பூல் அதற்கு இரண்டு வருடம் முந்திவிட்டது.

1786 டிசம்பர் 26. ஹாயி தன் மாணவர்களை வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துப்போய்ப் பதினாறாம் லூயி மன்னர் முன் நிறுத்தினார். பிள்ளைகள் படித்தார்கள், கணக்குப் போட்டார்கள், வரைபடத்தில் ஊர் காட்டினார்கள், வாத்தியம் வாசித்தார்கள். அரச குடும்பம் வியந்தது. பள்ளிக்குப் புகழும் பணமும் வந்தன.

எனக்கு இந்த இடம் எப்போதுமே சங்கடமானது. சந்தையில் பார்வையற்றவர்களை மேடையேற்றியதைக் கண்டு கொதித்த மனிதர், 15 வருடம் கழித்து அரண்மனையில் பார்வையற்ற பிள்ளைகளை மேடையேற்றுகிறார். அங்கே சிரித்தார்கள், இங்கே உச்சுக்கொட்டினார்கள். பார்ப்பவர் பார்ப்பவராகவும், பார்க்கப்படுபவர் பார்க்கப்படுபவராகவும்தான் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். ஹாயியின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு மானியம் என்று எதுவும் கிடையாத காலம், பணக்காரர்கள் மனம் இரங்கினால்தான் அடுத்த மாதம் அடுப்பெரியும். இந்தப் பிள்ளைகளால் முடியும் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, காட்டினால்தான் நம்புவார்கள். ஆனாலும் பொதுக் காட்சி என்பது அந்தப் பள்ளியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஹாயி போனபிறகு வந்தவர்களும் தொடர்ந்தார்கள். நன்கொடையாளர் வரும் நாளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைக்கும் பழக்கம் இன்றும் எத்தனையோ நாட்டுச் சிறப்புப் பள்ளிகளில் இருக்கிறது. அதன் வேரைத் தேடினால் வெர்சாயில் போய் நிற்கும்.

பிறகு புரட்சி வந்தது. நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்த பிரபுக்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். 1791-இல் அரசே பள்ளியை ஏற்றுக்கொண்டது. ஏழைப் பிள்ளையின் கல்வி தருமம் அல்ல, அரசின் கடமை என்று ஆனது சின்ன விஷயமல்ல. நடைமுறையில் காது கேளாதோர் பள்ளியோடு சேர்த்து ஒரே கட்டடத்தில் அடைத்தார்கள். இரண்டு பள்ளித் தலைவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1794-இல் பிரித்தார்கள். அடுத்த வருடம் சட்டப்படி அது தேசிய நிறுவனமானது.

ஹாயி புரட்சியை ஆர்வத்தோடு வரவேற்றவர். ஒதுங்கி இருந்து பள்ளியை மட்டும் கவனிக்கும் ஆள் அல்ல. 1797-இல் தியோஃபிலாந்திரபி என்ற புதுச் சமய இயக்கம் பாரிசில் பிறந்தது. கடவுளை நம்புவது, மனிதரை நேசிப்பது, இவ்விரண்டே கொள்கை, பாதிரியார் வேண்டாம் என்றது அது. அதைத் தொடங்கியவர்களில் ஹாயியும் ஒருவர். முதல் வழிபாட்டுக் கூட்டமே பார்வையற்றோர் பள்ளியின் சிற்றாலயத்தில் நடந்தது. பள்ளியையும் தன் சமய அரசியலையும் அவர் ஒன்றாகக் கட்டிவிட்டார். நெப்போலியன் ஆட்சிக்கு வந்து போப்போடு சமாதானம் பேசத் தொடங்கியபோது இந்த இயக்கம் இடைஞ்சலானது. 1801-இல் அதற்கு வாசல் அடைபட்டது. ஹாயி நல்ல நிர்வாகியும் அல்ல. கணக்கு வழக்கிலும் ஒழுங்கிலும் குறை சொல்ல இடம் கொடுத்திருந்தார்.

உள்துறை அமைச்சர் ஷாப்தால் பள்ளியைக் கான்ஸ்-வான் விடுதியோடு இணைத்துவிட்டார். யாருடைய நிலையிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுக்க ஹாயி பள்ளி தொடங்கினாரோ, அவர்களோடு கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. படிப்பு பின்னுக்குப் போய்ப் பட்டறை வேலை முன்னுக்கு வந்தது. ஹாயிக்கு ஓய்வூதியம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அவர் விடவில்லை. சொந்தமாக ஒரு தனியார் பள்ளி நடத்திப் பார்த்தார். பணம் நிற்கவில்லை.

அப்போதுதான் ரஷ்யாவின் ஜார் முதலாம் அலெக்சாந்தரிடமிருந்து அழைப்பு வந்தது. 1806-இல், அறுபது வயதுக்குமேல், தன் பார்வையற்ற மாணவர் ஃபூர்னியேவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் பெர்லினில் பிரஷ்ய மன்னர் முன் ஃபூர்னியேவின் திறமையைக் காட்டினார். அந்த ஆண்டே அவுகுஸ்ட் ட்சொய்னே என்பவர் தலைமையில் பெர்லின் பள்ளி தொடங்கியது. வியன்னாவில் யோஹான் வில்ஹெல்ம் க்ளைன் இரண்டு வருடம் முன்பே தனியாகத் தொடங்கிவிட்டிருந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் இறங்கிய ஹாயியிடம் அதிகாரிகள் ‘ரஷ்யாவில் பார்வையற்றவர்களே இல்லையே’ என்று சொன்னதாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நடந்ததோ இல்லையோ, அரசு அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இராது. 1807-இல் பள்ளி தொடங்கினார், பத்து வருடம் போராடினார், பெரிதாக ஒன்றும் வளரவில்லை. 1817-இல் பாரிஸ் திரும்பினார்.

அதற்குள் மன்னராட்சி திரும்பியிருந்தது. பள்ளியைக் கான்ஸ்-வான் விடுதியிலிருந்து மீண்டும் பிரித்திருந்தார்கள். இயக்குநர் மருத்துவர் கியியே, மன்னர் விசுவாசி. புரட்சிக்காரன் என்று பேர் வாங்கிய கிழவரை உள்ளே விடவில்லை. தான் தொடங்கிய பள்ளியின் படியேற முடியாமல் ஹாயி அண்ணன் வீட்டில் இருந்தார். 1819 பிப்ரவரியில் கூவ்ரே என்ற கிராமத்திலிருந்து சேணத் தொழிலாளி ஒருவரின் மகன் லூயி பிரெய்ல் அந்தப் பள்ளியில் சேர்ந்தான். 1821-இல் கியியே போய் பிஞியே வந்தார். அவர்தான் ஹாயியை அழைத்து, பாட்டும் இசையுமாக ஒரு பாராட்டு விழா நடத்தினார். பிரெய்லுக்கு அப்போது 12 வயது. 1822 மார்ச்சில் ஹாயி காலமானார். அண்ணனும் அதே ஆண்டு ஜூனில் போனார்.

இப்போது எழுத்து விஷயத்துக்கு வரலாம். பிரெய்ல் சேர்ந்தபோது பள்ளியில் இருந்தவை ஹாயி முறையில் அச்சான புத்தகங்கள்தான். எண்ணிக்கையில் கொஞ்சம், எடையில் பாறாங்கல். ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் விரல் சுற்றி வர வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். தமிழில் யோசித்தால் சட்டென்று புரியும். ‘ன’வையும் ‘ண’வையும் அப்படியே புடைப்பாக அச்சிட்டுக் கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். ஒரு சுழி கூடுதலா குறைவா என்று கண் ஒரு நொடியில் பிரிப்பதை விரல் தேடித்தேடித்தான் பிரிக்க வேண்டும். கண்ணுக்குக் கோடும் வளைவும் எளிது, விரலுக்குப் புள்ளி எளிது. பார்வையுள்ள ஹாயிக்கு இது தோன்றவில்லை. எழுதும் சங்கடமும் அப்படியே இருந்தது. மாணவன் பிறர் அச்சிட்டுத் தந்ததைப் படிக்கலாமே தவிர, தான் குறித்து வைத்ததைத் தானே எளிதாகப் படிக்க முடியாது.

1821-இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, 12 புள்ளிகள் வரை கொண்ட ஒலிக்குறி முறை ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். புள்ளி என்ற எண்ணம் சரி, ஆனால் 12 புள்ளி விரல் நுனிக்குள் அடங்காது, எழுத்துக்கூட்டவும் வழியில்லை. பிரெய்ல் அதை ஆறு புள்ளியாகச் சுருக்கினார். 15 வயதில் அடிப்படை தயார். 1829-இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலையே எடுத்துப் பாருங்கள். புள்ளி எழுத்தை அறிமுகம் செய்யும் நூல், ஹாயியின் புடைப்பு எழுத்தில் அச்சானது! வேறு எதில் அச்சிட முடியும்? படிக்கத் தெரிந்தவர்கள் படித்திருந்தது அதைத்தான்.

பள்ளியோ உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1840-இல் இயக்குநராக வந்த துஃபோ புள்ளி எழுத்தைத் தடுத்தார். மாணவர்கள் மறைத்து வைத்துப் பயன்படுத்தினார்கள். பிரான்சில் அது அதிகாரபூர்வமாக நிலைபெற 1854 ஆயிற்று. பிரெய்ல் இறந்து இரண்டு வருடம் கழித்து. வெளிநாடுகளில் இன்னும் தாமதம். பாஸ்டனில் சாமுவேல் ஹோ, இங்கிலாந்தில் வில்லியம் மூன் என்று ஆளாளுக்கு ரோமன் எழுத்தைக் கொஞ்சம் மாற்றியும் எளிதாக்கியும் புடைப்பாக அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஹாயி போட்ட பாதை.

இந்தப் பிடிவாதத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பார்வையற்றவரும் மற்றவரும் ஒரே புத்தகத்தை, ஒரே எழுத்தில் படிக்க வேண்டும் என்பது ஹாயியின் கொள்கை. பார்வையற்ற ஆசிரியர் பார்வையுள்ள குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரலாம் என்றுகூட அவர் திட்டமிட்டார். தனி எழுத்து கொடுத்தால் தனி உலகமாகப் பிரிந்துவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்குப் பின் வந்தவர்களிடமும் இருந்தது. அது நியாயமான அச்சம்தான். அவர்கள் யாரும் செய்யாமல் விட்டது, படிக்கும் விரலுக்கு உரியவரைக் கேட்பது. கேட்டிருந்தால் பிரிவினை பற்றிய கவலையைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் ஓடும், என் கணக்கை நானே எழுதி வைக்க முடியுமா என்பதே அவர்களுக்குப் பெரிது என்று தெரிந்திருக்கும்.

அப்படிக் கேட்காமலே சொல்லக்கூடிய ஒருவன் உருவாக, பார்வையற்ற பிள்ளைகள் நிறையப் பேர் ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து படிக்க வேண்டியிருந்தது. பிரெய்ல் தன் புள்ளிகளைச் சோதித்துப் பார்த்தது வகுப்புத் தோழர்களின் விரல்களில்தான். தடை வந்தபோது காப்பாற்றியதும் அவர்கள்தான். கூவ்ரே கிராமத்திலேயே தனியாக இருந்திருந்தால் எவ்வளவு மேதையாக இருந்தும் அந்த எழுத்து ஒரு ஆளோடு முடிந்திருக்கும். ஹாயி செய்த பெரிய காரியம் எழுத்து அல்ல, அந்தக் கூரை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிரான்சில் அவர் பெயர் அவ்வளவு மறைந்துவிடவில்லை. பாரிசில் அன்வாலீத் பெருஞ்சாலையில் இருக்கும் தேசிய இளம் பார்வையற்றோர் நிறுவனம் அவர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சிதான். அதன் முற்றத்தில் லெசுயரோடு சேர்த்து அவருக்கு 1861-இல் சிலை வைத்தார்கள். 1889-இல் மொரீஸ் தெ லா சீஸரான் என்ற பார்வையற்றவர் ஹாயியின் பெயரில் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. பிரான்சுக்கு வெளியேதான் பெயர் மங்கியது. பிரெய்லின் பெயர் எழுத்துக்கே பெயராகி, அந்த எழுத்து போன நாடெல்லாம் கூடவே போயிற்று. ஹாயியின் எழுத்து அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, பெயரும் அதோடு தங்கிவிட்டது. போதாக்குறைக்கு வீட்டிலேயே ஒரு போட்டி. அண்ணன் ரெனே-ஜுஸ்து படிகவியலின் தந்தை என்று பேர் வாங்கியவர். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் ஹாயி என்று ஒன்று உண்டு, தேடிப் பார்த்துவிட்டுப் பள்ளி தொடங்கியவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது அண்ணன்.